கருத்து இல்லைங்க, கடன்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட காதுகுத்துப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது. பார்க்காதவர்கள் கடந்து போகலாம். அந்தக் கமெண்டை எழுதியவரே அழித்துவிட்டார். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, போடமாட்டேன். பதினைந்து வருடப் பழக்கம்.

அவர் எழுதியது இதுதான்: "குலசாமி, கிடாவெட்டு எல்லாம் உங்க தனிப்பட்ட கருத்து. கருத்தை வீட்டுக்குள்ள வச்சுக்கோங்க."

காட்டுமிராண்டித்தனம் என்று திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. திட்டுகிறவர் எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் திட்டுகிறார். இவரோ பெருந்தன்மையாக அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, பத்திரமாக வைத்துக்கொள் தங்கச்சி என்று என் கையிலேயே கொடுக்கிறார்.

கருத்து என்றால் என்ன? தெருமுனைக் கடையைவிட ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் காபி நன்றாக இருக்கும் என்பது கருத்து. நாளைக்கே மாற்றிக்கொள்வேன், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. எங்கள் குலசாமி சுடலைமாடன் அப்படியா? எங்கள் பக்கம் பெண் கேட்டு வந்தால் ஜாதகத்தை நீட்டுவதற்கு முன்பே "உங்களுக்கு எந்தச் சாமி?" என்பார்கள். ஒரே சாமி என்றால் பங்காளி, அண்ணன் தங்கச்சி முறை. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இதில் என் கருத்தை யார் கேட்டார்கள்?

கொடைக்கு, அதாவது எங்கள் சாமியின் கோயில் திருவிழாவுக்கு, தலைக்கட்டு வரி உண்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று. துபாயில் இருப்பவனும் அனுப்புகிறான். என் பெரியப்பா மகன் ஒருவன் கட்சிக்காரன், செங்கொடி. கடவுள் இல்லை என்பது அவன் கருத்து, மேடையிலேயே பேசுவான். ஆனால் கொடைக்கு இரண்டு நாள் முன்னால் வந்து பந்தலுக்குக் கால் ஊன்றுவது அவன்தான். வரியும் கட்டிவிடுவான். கருத்துக்கு எந்த ஊரில் வரி கட்டுகிறார்கள்?

சரி, ஆச்சி கதையைச் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு ஏற்கெனவே தெரியும்.

2003-இல் என் தம்பிக்கு 9 வயது. மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் 12 நாள் கிடந்தான். பிழைத்து வந்தால் கிடா தருகிறேன் என்று ஆச்சி நேர்ந்துகொண்டாள். பிழைத்து வந்தான். குட்டியை வாங்கி அவளே அகத்திக்கீரையும் புண்ணாக்குத் தண்ணியும் கொடுத்து வளர்த்தாள். ஆவணிக் கடைசி வெள்ளி கொடை. அதற்குச் சற்று முன்னால்தான் அன்றைய அரசு 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கோயிலில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்றது. கொடையன்று கோயிலுக்கு முன்னால் ஜீப் நின்றது. பெரியவர்கள் கூடிப் பேசி, ஒரு பூசணிக்காயில் குங்குமத்தைத் தடவி வெட்டினார்கள். கிடா அங்கேயே வேப்பமரத்தில் கட்டிக்கிடந்தது. அதன் கழுத்து மாலையை அதுவே தின்றுகொண்டிருந்தது.

ஆச்சி சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. ராத்திரி அப்பாவிடம் ஒன்று கேட்டாள்: "எலே, வாங்குனது பிள்ள உசுரு. குடுத்தது பூசணிக்காயா?"

அன்றிலிருந்து அவள் கறி தொடவில்லை. 2004-இல் அந்தச் சட்டமே ரத்தானது. செய்தி வரும்போது ஆச்சி இல்லை, அந்தத் தையிலேயே போய்விட்டாள். அடுத்த கொடையில் அப்பா கொடுத்து முடித்தார். நேர்ந்தவள் போய்விட்டாள், நேர்ந்தது மகன் தலையில் வந்து நின்றது. செத்தவரின் கருத்து மகன் தலையில் விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கடன்தான் விழும். நேர்த்திக்கடன் என்று அந்த வார்த்தையிலேயே இருக்கிறதே ஐயா, தமிழ் எம்.ஏ. படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இப்போது வரிசையாக வருவார்கள், தெரியும்.

"அப்படியென்றால் யாரும் விமர்சிக்கவே கூடாதா?" நான் எங்கே சொன்னேன்? தாராளமாக விமர்சியுங்கள். 1953-இல் பெரியார் பிள்ளையார் சிலையைத் தெருவில் வைத்து உடைத்தார். ஒருவருடைய தனிப்பட்ட கருத்தை உடைக்க யாராவது நாள் குறித்துத் தெருவுக்கு வருவார்களா? அது ஊரையே கட்டிப்போடுகிற சங்கதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவரோடு எனக்குச் சண்டை உண்டு, ஆனால் மரியாதையான சண்டை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு தோளைத் தட்டிக்கொடுக்கும் இந்தப் புதுப் பகுத்தறிவோடுதான் என்னால் முடியவில்லை.

"ஜீவகாருண்யம்?" பிரியாணிக்கு வரிசையில் நின்ற படத்தைப் போன மாதம்தான் போட்டிருந்தீர்கள். போதும்.

"ஒரே சாமி என்றால் ஒரே சாதிதானே?" பெரும்பாலும் ஆமாம். இது நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அது வெறும் கருத்தாக இருந்திருந்தால் இந்நேரம் ஒழிந்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எல்லோரும் போக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தடுத்தது சிலருடைய தனிப்பட்ட கருத்தா?

சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. அரசியலமைப்பில் கருத்துச் சுதந்திரம் 19-ஆம் பிரிவில் இருக்கிறது, மத நம்பிக்கை 25-இல். இரண்டும் ஒன்றுதான் என்றால் எதற்கு இரண்டு இடம்? கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நம் புத்திக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வி இல்லை, அவர்கள் அதை உண்மையாக, மனசாட்சியோடு நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி என்றது. அந்தத் தீர்ப்பில் 19-ம் வருகிறது என்று ஒரு வக்கீல் நண்பர் கிளம்புவார். வரட்டும். 25-ம் சேர்ந்தே வருகிறது.

இவ்வளவு எழுதியும் உறுத்தல் போகவில்லை. ஏன் என்று எனக்கே இப்போதுதான் பிடிபடுகிறது.

அந்தப் படம் தம்பி மகள் காதுகுத்து. நான் அத்தை, தாம்பூலத் தட்டோடு போனவள். கல்யாணமானதும் என் சாமி மாறிவிட்டது. புருஷன் வீட்டுக்குச் சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்குப் போகிறேன், பொங்கல் வைக்கிறேன், குறை ஒன்றும் இல்லை. அங்கே நான் வந்தவள், இங்கே போனவள். சாமக்கொடை என்கிற நடுராத்திரிப் பூசை நேரத்தில் பெண்கள் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பூசணிக்காய் வெட்டியதைக்கூட ஆச்சி வெளியே நின்றுதான் பார்த்தாள். கருத்து என்றால் நானே மாற்றிக்கொண்டிருக்கமாட்டேனா? சுடலை எனக்கும் சாமிதான் என்று ஒரு பதிவு போட்டால் முடிந்ததே.

ஞாயிற்றுக்கிழமை பந்தியெல்லாம் முடிந்தபிறகு, வரிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் 3,000 ரூபாயை நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"உனக்கு ஏதும்மா இங்க வரி? நீ அங்கல்லா குடுக்கணும். வேணும்னா நன்கொடைன்னு எழுதுதேன்."

எழுதினார். ரசீது கைப்பையில் இருக்கிறது, நன்கொடை என்றே போட்டிருக்கிறது.