பிள்ளையின் பகுதிநேரச் சம்பளத்தால் வாடகை உதவி பறிபோகுமா?

அமெரிக்காவின் ‘செக்‌ஷன் 8’ வாடகை உதவி பெறும் குடும்பத்தில் பள்ளிப் பிள்ளை பகுதிநேர வேலைக்குப் போனாலே உதவி நின்றுவிடும் என்று பரவும் செய்தி தவறானது. 18 வயது நிரம்பாத பிள்ளை உழைத்து ஈட்டும் சம்பளத்தைக் குடும்ப வருமானத்தில் சேர்க்கக் கூடாது என்பதே கூட்டாட்சி அரசின் விதி. மாற்றுத்திறனாளியைப் பராமரிக்க உடன் தங்கும் உதவியாளரின் ஊதியமும் அவ்வாறே விலக்கப்படுகிறது. ஆனால், பிள்ளையின் பெயரில் அரசிடமிருந்து வரும் சமூகப் பாதுகாப்புத் தொகை (சோஷியல் செக்யூரிட்டி) உழைத்து ஈட்டியது அல்ல என்பதால் கணக்கில் சேரும். இந்த வேறுபாட்டில்தான் பெற்றோர் பலர் தடுமாறுகிறார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பொதுவாக, வட்டார இடைநிலை வருமானத்தில் (அப்பகுதிக் குடும்பங்களின் வருமானங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகையில்) 50 விழுக்காட்டைத் தாண்டாத குடும்பங்களே இத்திட்டத்தில் புதிதாகச் சேர முடியும். சேர்ந்தபின் பெரியவர்களின் வருமானம் உயர்ந்தால், கழிவுகள் போக மாத வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு என்ற கணக்கில், குடும்பம் செலுத்தும் பங்கு கூடுகிறது; உதவி உடனே ரத்தாவதில்லை. பிள்ளையின் வேலையை மறைக்காமல் உள்ளூர் வீட்டுவசதி அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள்.