வாயால சொல்லுங்கண்ணே

(கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாயனக்காரர் வீட்டுத் திண்ணை. உறை போட்ட நரசிங்கம்பேட்டை நாயனம் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. திண்ணைக் கோடியில் அவருடைய மச்சான், தவில்காரர், வாரை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். நாற்பது வருஷம் தன் தவிலைத் தானே கேட்டதில் அவருக்குக் காது மந்தம். வந்திருப்பவர் பெண்ணைப் பெற்றவர். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுக்கிறார்.)

அப்பா: அண்ணே, அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனேன்ல? இப்ப ஒரு சின்னச் சிக்கல். சம்பந்தி சங்கீதம் தெரிஞ்சவராம். மார்கழி மாசம் முழுக்க மெட்ராஸ்ல சபா சபாவா ஏறி இறங்குவாராம்.

நாயனக்காரர்: கச்சேரிக்கா, கேன்டீனுக்கா?

அப்பா: அதை எப்படிண்ணே கேக்கறது? சினிமாப் பாட்டு ஒண்ணுகூடக் காதுல விழக்கூடாது, எல்லாம் கர்நாடக சங்கீதம்தான்னுட்டார். லிஸ்ட்டை முன்னாடியே வாட்ஸ்அப்ல அனுப்பணுமாம். ராத்திரி பூரா உக்காந்து நானே போட்டுட்டேன்.

நாயனக்காரர்: சாருக்குச் சங்கீதம் வருமா?

அப்பா: முப்பத்தஞ்சு வருஷம் கேஷ் கவுன்ட்டர். நோட்டு எண்ற மெஷின் சத்தத்தைத்தான் நான் உக்காந்து கேட்டிருக்கேன். பேரு மங்களகரமா இருக்கறதாப் பாத்துப் பொறுக்கினேன். சரி, முதல்ல... (ஆள்காட்டி விரலை உயர்த்துகிறார்.) ஒண்ணு!

(தவில்காரர் குச்சியை எடுத்து, வீடே அதிர ஒரு கெட்டி மேளம் கொட்டுகிறார். கொல்லையில் கோழிகள் பறக்கின்றன.)

நாயனக்காரர்: (கையை அமர்த்திக் காட்டி) போதும் மச்சான், போதும்! சார், விரலை மட்டும் தூக்காதீங்க. அவருக்குக் காது கேக்காது, விரல்தான் கணக்கு. போன தை மாசம் ஒரு கல்யாணத்துல யாரோ ஒரு பெரியவர் 'ஒரு காப்பி'ன்னு விரலைக் காட்டிட்டார். இவர் கொட்டிட்டார். மாப்பிள்ளை அப்பதான் வேட்டியச் சரி பண்ணிக்கிட்டு மணையில உக்கார்றான். அட்சதை எல்லாம் போட்டு முடிச்சு, பாதிக் கூட்டம் பந்திக்குப் போயிருச்சு.

அப்பா: அய்யய்யோ. (கையை மடியில் வைத்துக்கொள்கிறார்.) முதல் பாட்டு, நகுமோமு. நகுமோமுன்னா சிரிச்ச முகமாம், என் பொண்ணு சொன்னா. மாலை மாத்தும்போது பொருத்தமா இருக்கும்ல?

நாயனக்காரர்: சிரிச்ச முகம்தான். அடுத்த வார்த்தையப் பாக்கலியா? 'கனலேனி.' அந்தச் சிரிச்ச முகத்தக் காணாம நான் படற பாடு தெரிஞ்சும் வந்து காப்பாத்தக் கூடாதான்னு தியாகராஜர் ராமரக் கேக்கறாரு. மாலையோட எதிர்ல நிக்கற பொண்ணப் பாத்து இதக் கேக்கணுமா?

அப்பா: அப்ப அடிச்சுடறேன்.

நாயனக்காரர்: அடிக்காதீங்க, வாசிக்கறேன். ஆபேரி ராகம் அப்படியே தேன். எல்லாக் கல்யாணத்துலயும் கேக்கறாங்க. மாலை மாத்தறப்ப மட்டும் வேண்டாம், முந்தின நாள் ராத்திரி வெச்சுக்கலாம். அடுத்தது?

அப்பா: சம்பந்தியம்மா மண்டபத்துக்குள்ள வரும்போது, மரியாதையா, 'தாயே யசோதா'.

நாயனக்காரர்: (வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தி) அது ஊத்துக்காடு வேங்கட கவி பாட்டு. நம்ம பக்கத்து ஊர்க்காரர்தான். தோடி ராகம். உருக்கிடும்.

அப்பா: தாயேன்னு ஆரம்பிக்குது, வேற என்ன வேணும்?

நாயனக்காரர்: ஆரம்பிக்கறது அப்படித்தான். 'அம்மா, உன் பிள்ளை பண்ற அக்கிரமத்தக் கேளு'ன்னு தெருப் பொம்பளைங்க எல்லாம் சேந்து மனு கொடுக்கறாங்க சார் அதுல. தாலி கட்டறதுக்கு முந்தியே மாமியார்கிட்ட மாப்பிள்ளையப் பத்திப் புகாரா?

அப்பா: அண்ணே, நாயனத்துல வார்த்தையா கேக்கப்போவுது? பீப்பீன்னுதானே... தப்பா எடுத்துக்காதீங்க.

நாயனக்காரர்: ராஜரத்தினம் பிள்ளை நாயனம் வாசிச்சா ஊரே தோடிக்குக் கட்டுப்பட்டு நிக்கும், நீங்க பீப்பீங்கறீங்க. பாட்டுத் தெரிஞ்சவங்களுக்குச் சங்கதிக்குச் சங்கதி வார்த்தையாத்தான் காதுல விழும். உங்க சம்பந்தி சபா ஆளுன்னு நீங்கதான சொன்னீங்க?

அப்பா: அவர்கூட ராஜரத்தினம் பிள்ளையப் பத்திச் சொன்னார். 1947-ல சுதந்திரம் வந்தப்ப டெல்லியில அவர்தான் வாசிச்சாராமே. அப்ப சுதந்திரம் கிடைச்சதுக்கும் நாயனம், கல்யாணத்துல அது போ...

நாயனக்காரர்: போறதுக்கும் நாயனம். இந்த ஜோக்க ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒரு மாமா சொல்றார் சார். நான் சிரிக்கறதுக்குத் தனியா வாங்கறதில்ல. மேல படிங்க.

அப்பா: (தாளைத் தூரத்தில் பிடித்துப் படிக்கிறார்) மாப்பிள்ளை மேடை ஏறும்போது... இது தமிழ்ப் பாட்டுண்ணே, பாபநாசம் சிவன். 'நான் ஒரு விளையாட்டு பொம்மையா'.

(மௌனம்.)

நாயனக்காரர்: சார்.

அப்பா: பொம்மைன்னு வந்ததும் குழந்தை ஞாபகம் வந்துச்சு. அடுத்த வருஷம் பேரனோ பேத்தியோன்னு...

நாயனக்காரர்: அம்பாளப் பாத்து, என்னைப் பிடிச்சு இப்படி ஆட்டி வைக்கறியேன்னு அழுவற பாட்டு. பின்னாடி அவனே பாடிக்குவான், இப்பவே நாம எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

அப்பா: அப்ப இதயாவது விடுங்க. மொய் எழுதற மேஜைக்குப் பக்கத்துல வாசிக்கறதுக்கு. என் பேங்க் அனுபவத்துக்குப் பொருத்தமா எடுத்தேன். 'நிதி சால சுகமா'.

நாயனக்காரர்: (வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். வெற்றிலைச் சாறு துண்டில்.) இதுக்கு மட்டும் எனக்குக் காசே வேண்டாம் சார், சும்மா வாசிக்கறேன்!

அப்பா: ஏண்ணே, நிதின்னா பணம்தானே? பணம் சால சுகம். சரியாத்தானே இருக்கு?

நாயனக்காரர்: கடைசியில ஒரு 'ஆ' இருக்கே, அது கேள்வி. சரபோஜி மகாராஜா அரண்மனைக்கு வந்து பாடுன்னு பொன்னும் பொருளும் அனுப்பி வெச்சாராம். தியாகராஜர் அத்தனையும் திருப்பி அனுப்பிட்டு, பணம் பெருஞ்சுகமா, ராமன் சந்நிதி பெருஞ்சுகமான்னு பாடினதா ஐதீகம். ஒருத்தன் கவரோட மேஜைகிட்ட வர்றான், இந்தக் கல்யாணி ராகம் அவன் காதுல விழுது. ஞானம் வந்து கவரப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான்னா?

அப்பா: (அவசரமாகப் பேனாவால் அடிக்கிறார், தாள் கிழிகிறது.) நாலுல மூணு போச்சு. அஞ்சாவது நானே வேண்டாம்னு நினைச்சேன். 'யாரோ இவர் யாரோ'. மாப்பிள்ளை அழைப்புல யாருய்யா இந்த ஆளுன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?

நாயனக்காரர்: அடடா, அதுதான் சார் கல்யாணத்துக்குன்னே வெச்ச பாட்டு! சீர்காழி அருணாசலக் கவிராயர். மிதிலையில கன்னிமாடத்துல நிக்கற சீதையப் பாத்து ராமர் மயங்கிப்போயி யாரு யாருன்னு கேக்கறாரு. பைரவியில இழைச்சா மாப்பிள்ளை அழைப்பே நின்னு கேக்கும். நல்லதா ஒண்ணு எடுத்தீங்க, அதையும் அடிக்கப் பாத்தீங்களே!

அப்பா: (மலர்ந்து) அப்ப டிக். அடுத்த பாட்டு, 'குறை ஒன்றும் இல்லை'?

நாயனக்காரர்: அதுக்கு இடம் நான் சொல்றேன். சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட்டுக் கை கழுவிட்டு வருவாங்க பாருங்க, சாம்பார்ல உப்பு, பாயசத்துல முந்திரின்னு வாயத் திறக்கற நேரம். அங்க எடுக்கறேன். சங்கீதம் தெரிஞ்சவர் அந்தப் பாட்டு நடக்கறப்ப குறை சொல்ல மாட்டார்.

அப்பா: அண்ணே, நீங்க பேங்க்ல இருந்திருந்தா மேனேஜர். அப்புறம் சம்பந்தியே கேட்டது ஒண்ணு. மாப்பிள்ளை கார்ல வந்து இறங்கும்போது மல்லாரி வேணுமாம்.

நாயனக்காரர்: மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு. கம்பீரநாட்டையில எடுத்தா, கோபுர வாசலுக்கு வெளிய நிக்கறவன்கூட சாமி கிளம்பிருச்சுன்னு கன்னத்துல போட்டுக்குவான். இப்ப கல்யாணத்துல எல்லாரும் வாசிக்கறாங்க. நான் வாசிக்கறதில்ல.

அப்பா: பொண்ணு வீட்டுக்கு மாப்பிள்ளை சாமி மாதிரிதானேண்ணே?

நாயனக்காரர்: அப்ப கார்கிட்டயே தீபாராதனை எடுத்துட்டு, பக்கத்துல உண்டியலும் வெச்சிருங்க.

அப்பா: வேண்டாம், விட்டுடுங்க. வேற எதாவது நான் பாத்துக்க வேண்டியது இருக்கா? வாசிக்கக்கூடாத ராகம், அந்த மாதிரி?

நாயனக்காரர்: முகாரி வேண்டாம்பாங்க, ஒப்பாரி மாதிரின்னு. அப்புறம் ஆகிரி. ஆகிரி பாடினா அன்னைக்குச் சோறு கிடைக்காதும்பாங்க.

அப்பா: நெஜமாவா?

நாயனக்காரர்: கல்யாணத்துல எந்த ராகம் வாசிச்சாலும் எங்களுக்கு அதே கதைதான். முகூர்த்தம் ஆறு மணின்னா நாலு மணிக்கே உக்காரணும். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சுத் தாம்பூலப் பையோட கிளம்பறப்ப எங்களக் கூப்பிடுவாங்க. ரசம் இருக்கும். அப்பளம் எண்ணிக்கையில இருக்கும். வடைய நான் பாத்துப் பல வருஷம் ஆச்சு.

அப்பா: என் வீட்டுக் கல்யாணத்துல அப்படி நடக்காதுண்ணே. முதல் பந்தியில உங்களுக்கு இலை. நானே நின்னு போடறேன்.

நாயனக்காரர்: முதல் பந்தியில நாங்க உக்காந்தா அந்த நேரம் வாசிக்கறது யாரு? ரெண்டாம் பந்தி போதும், வடையோட. சரி, இப்ப நான் சொல்றதத் தாள்ல எழுதிக்குங்க. ஆரம்பத்துல வாதாபி. மாப்பிள்ளை அழைப்புக்கு யாரோ இவர் யாரோ. காலையில பிலஹரி. மாலை மாத்தும்போது சீதா கல்யாண வைபோகமே, குறிஞ்சி. நலங்குக்கு ஆனந்தபைரவியில லாலி. முடிவுல மத்யமாவதி. இத அனுப்புங்க, உங்க சம்பந்தி கையெடுத்துக் கும்பிடுவார்.

அப்பா: தாலி கட்டும்போது?

நாயனக்காரர்: அப்ப எந்தக் கீர்த்தனையும் வேலைக்காகாது. கெட்டி மேளம் ஒண்ணுதான். யாராவது தும்மினா, குழந்தை வீல்னு கத்தினா, அந்த நிமிஷத்துல பொண்ணு மாப்பிள்ளை காதுல விழக்கூடாதுன்னுதான் அந்தக் கொட்டு. வாத்தியார் விரலக் காட்டுவார், மச்சான் பாத்துக்குவார். நீங்க மட்டும் அந்தப் பக்கம் கைய மடக்கிட்டு நில்லுங்க. அவ்வளவுதான் சார். மீதிப் பணத்த மட்டும் முன்னாடியே...

அப்பா: (குறும்பாக) அண்ணே. நிதி சால சுகமா?

நாயனக்காரர்: அது தியாகராஜர் கேக்கலாம் சார். அவர் வீதியில பாடி உஞ்சவிருத்தி எடுத்துச் சாப்பிட்டார். எனக்கு ரெண்டாம் நாயனக்காரர் இருக்கார், சுருதிப் பெட்டி, தாளத்துக்கு ஒரு பையன், வேன் வாடகை, இதோ தவில் தோலு இப்ப விக்கற விலை. உங்களுக்காகக் குறைச்சே சொல்றேன், மீதி... (ஐந்து விரலையும் விரித்துக் கையை உயர்த்தப் போகிறார். திண்ணைக் கோடியில் தவில்காரர் குச்சியை ஓங்குகிறார்.)

அப்பா: (பாய்ந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கி) வாயால சொல்லுங்கண்ணே, வாயால!