அந்த வெள்ளைத் தூசி திருநீறு இல்லை

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். காவடிக் கொட்டகையின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஆங்கிள் கிரைண்டரால் அறுக்கிறார்கள். புகை மாதிரித் தூசி. பிள்ளைகள் துண்டு பொறுக்குகிறார்கள். அடியில் வரிசையாகக் கும்பிடு எமோஜி. நான் ஒரே வரிதான் போட்டேன்: அறுக்காதீர்கள். அதற்கு நான் சேவையைக் கெடுக்கிறேனாம்.

"டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அம்பது வருஷமா இந்தக் கூரைக்குக் கீழதானே இருக்கோம், நமக்கென்ன ஆச்சு?" சரி அண்ணா. சும்மா கிடக்கிற கூரையைப் பற்றி நான் பேசவே இல்லை. என் கராஜிலும் அதே ஷீட்தான். அறுத்தால், உடைத்தால், தேய்த்தால் ஆஸ்பெஸ்டாஸ் நார் தூசியாகக் கிளம்பி மூச்சோடு உள்ளே போகும். அதனால்தான் அறுக்காதீர்கள் என்றேன்.

இன்னொருவருக்கு ஆஸ்பெஸ்டாஸ் நோய் சுரங்கக்காரர் வியாதியாம். 1960இல் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் என்ற மூன்று டாக்டர்களும் 33 மீசோதீலியோமா (நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) நோயாளிகளைப் பற்றி எழுதியது இந்தத் தென்னாப்பிரிக்காவிலிருந்துதான். பலர் சுரங்கத்தில் வேலையே பார்த்ததில்லை, அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள். உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர், நம் குழுவுக்கு மட்டும் ஏறவில்லை.

எனக்கு அந்த ஆய்வுகூட வேண்டாம். சித்தப்பா ஷீட் போடும் தொழிற்சாலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தி அவர் ஓவராலைக் கொல்லையில் படபடவென்று உதறித்தான் தொட்டியில் போடுவாள். வெயிலில் அந்தத் தூசி மினுங்கும், நாங்கள் கைதட்டுவோம். சித்தப்பாவுக்கு ஒன்றும் வரவில்லை. சித்திக்கு முப்பது வருஷம் கழித்து வந்தது. நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், ஊசி போட்டு எடுப்பார்கள், மறுபடி கோக்கும். நஷ்டஈடு கேட்கப் போனால், "வேலை பார்த்தது நீங்களா?" என்றார்கள். பார்த்தது அவள்தான். சம்பளம்தான் அவருக்கு.

காசு யார் தருவது என்பீர்கள். நியாயம், என்னிடம் பதில் இல்லை. 2008இல் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது, பழைய கூரை அப்படியேதான் இருக்கிறது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தக் கூரைகளை எண்ணிப் பார்க்கவே 255 மில்லியன் ராண்ட் ஒப்பந்தம், அது ஊழல் கேஸாகக் கோர்ட் வரை போனது. இருந்தாலும் கழற்றுவதற்கென்று பதிவு பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். திருவிழா லைட்டுக்குக் காசு கிடைத்தது அல்லவா?

"படித்த திமிர்" என்று எழுதியவரே, சித்தி சாவுக்கு நீங்கள்தான் தேவாரம் பாடினீர்கள்.

மீதி ஆறு ஷீட் சனிக்கிழமையாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். குழுவில் சொல்ல முடியவில்லை, நேற்று ராத்திரி என்னை எடுத்துவிட்டார்கள்.