கனமா இருந்தா நகராதுன்னு யார் சொன்னது?

"இவ்ளோ கனமா இருக்கே, இது எங்க நகரப்போகுது? கட்டவெல்லாம் வேணாம், வண்டிய எடு." சரக்கு வேன்ல லோடு ஏத்துற எந்த இடத்துல நின்னாலும் இந்தப் பேச்சு காதுல விழும். கேட்கும்போதெல்லாம் பத்திக்கிட்டு வருது. கனம் வேற, கட்டு வேறங்க. கனம் எதையும் பிடிச்சு வைக்காது. எத்தனை தடவை சொன்னாலும் கதவைச் சாத்திட்டா போதும்னு கிளம்புறவங்கதான் அதிகம்.

கணக்கைப் பாருங்க. பிளைவுட் தரைமேல மரப்பெட்டியை வெச்சா, உராய்வு அந்தப் பெட்டி எடையில சுமார் 0.3 பங்குதான் பிடிக்கும். தரையில மண்ணோ ஈரமோ எண்ணெயோ இருந்தா அதுவும் தேறாது. அழுத்திப் பிரேக் போடும்போது முன்னால தள்ளுற விசையை எடையில 0.8 பங்குன்னு வெச்சுத்தான் லோடு கட்டணும். பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் 0.5 பங்கு. 100 கிலோ பெட்டின்னா தரை பிடிக்கிறது 30 கிலோ அளவு, தள்ளுறது 80 கிலோ அளவு. 500 கிலோன்னா பிடிக்கிறது 150, தள்ளுறது 400. எடை ஏற ஏறப் பிடிப்பும் ஏறுது, தள்ளுற விசையும் அதே விகிதத்துல ஏறுது. அப்போ கனமா இருந்தா நகராதுன்னு எந்தக் கணக்குல சொல்றீங்க? சின்னப் பெட்டி நகர்ற அதே பிரேக்குல பெரிய பெட்டியும் நகரும். பெருசு வந்து இடிச்சா கேபின்ல இருக்கிற ஆள் மிஞ்ச மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மணிக்கு 50 கிலோமீட்டர்ங்கிறது, 10 மீட்டர் உயரத்துல இருந்து விழுற பொருள் தரையைத் தொடும்போது இருக்கிற வேகம். வண்டி எதுலயாவது மோதி சட்டுனு நின்னா, சீட்டுக்குப் பின்னால கட்டாமப் போட்ட 25 கிலோ டூல் பாக்ஸ் அந்த வேகத்துலதான் டிரைவர் முதுகுக்கு வரும். 80 கிலோமீட்டர் வேகத்துல மோதினா அதோட ஆற்றல் இதைவிட இரண்டரை மடங்காயிடும். இதைத் தெரிஞ்சும் பெட்டியை அங்கேயே தூக்கிப் போடுறாங்கன்னா என்னத்தைச் சொல்றது?

அடுத்து, கேபின் தடுப்புக்கும் லோடுக்கும் நடுவுல விடுற இடைவெளி. இறக்குறதுக்கு வசதியா இருக்கும்னு கனமான சாமானைப் பின்கதவுகிட்டயே நிறுத்திடுறாங்க. மேலே சொன்ன அதே பிரேக்குல ஒரே ஒரு மீட்டர் வழுக்கினாலும், தடுப்பை இடிக்கும்போது அந்தச் சாமானுக்கு மணிக்கு 11 கிலோமீட்டர் வேகம் வந்துடும். 500 கிலோ அந்த வேகத்துல இடிச்சா மெல்லிசுத் தகரத் தடுப்பு தாங்குமா? தடுப்போட ஒட்டி வெச்சிருந்தா வேகம் எடுக்க இடமே இருக்காது. ஒட்டி வைக்க முடியலைன்னா நடுவுல காலி பேலட்டையோ (சரக்கு அடுக்குற மரத்தட்டு) கட்டையையோ செருகி அடைங்க. பக்கவாட்டுக்கும் இதேதான். இறக்குற வரிசைக்காகக் கனத்தைப் பின்னால வெச்சே ஆகணும்னா, கட்டுறதை ரெண்டு மடங்கு கட்டுங்க.

பின்னால வைக்கிறதுல இன்னொரு வினையும் இருக்கு. பின் ஆக்சிலை (பின் சக்கர அச்சு) தாண்டி எடை போனா, சீசா பலகை மாதிரி முன்பக்கம் தூக்கும். முன் சக்கரத்துல பாரம் குறைஞ்சா ஸ்டியரிங் லேசாயிடும், அந்தச் சக்கரத்தோட பிரேக்கும் சரியாப் பிடிக்காது. மொத்த எடை அனுமதிக்குள்ள இருந்தாக்கூட பின் ஆக்சில் மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கலாம். அனுமதிச்ச மொத்த எடையில காலி வண்டியோட எடையைக் கழிச்சா வர்றதுதான் ஏத்தலாம். அதுல கூட வர்ற ஆளுங்க, உள்ளே அடிச்சிருக்கிற ஷெல்ஃப், மேல இருக்கிற கேரியர் எல்லாமே அடக்கம். லோடு வண்டிக்குன்னு டயர்ல தனிக் காத்து அளவு இருக்கும், கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க.

இப்போ பெல்ட்டுக்கு வருவோம். வயித்தெரிச்சல் முழுக்க இங்கதான். ராட்செட் பெல்ட்ல (பல்சக்கரப் பிடியை முறுக்கி இறுக்குற பட்டை) தைச்சிருக்கிற லேபிளை ஒரு தடவையாவது கிட்டத்துல வெச்சுப் படிங்க. எல்சின்னு போட்டு 2500 டெக்காநியூட்டன்னு இருக்கும். ஒரு டெக்காநியூட்டன்னா கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. உடனே, ஒரு பெல்ட் இரண்டரை டன்னை அமுக்கிப் பிடிக்குதுன்னு முடிவு பண்ணிடுறாங்க. இல்லைங்க! அது நேரா இழுத்தா பெல்ட் தாங்குற அளவு. அதே லேபிள்ல கீழே எஸ்டிஎஃப்னு ஒண்ணு இருக்கும், 300ன்னு வெச்சுக்குங்க. கையால ராட்செட்டை முறுக்கும்போது பெல்ட்ல ஏறுற இழுவை அதுதான். சாமானுக்கு மேல போட்டு அமுக்கிக் கட்டும்போது நமக்குக் கிடைக்கிறது இந்த 300, அந்த 2500 இல்லை.

அதே 500 கிலோ பெட்டிக்கு மேலே ஒரு பெல்ட் போடுறோம். ரெண்டு பக்கமும் 300 வீதம் 600 அமுக்குது, அதுல உராய்வு 0.3 பங்குன்னா கிடைக்கிற கூடுதல் பிடி 180தான். நமக்குக் குறையுறது 250. அதனால ஒண்ணு பத்தாது, ரெண்டு வேணும். அதுவும் பெல்ட் செங்குத்தா இறங்கினாத்தான். பெட்டி குட்டையா இருந்து, தரை வளையம் தள்ளி இருந்து, பெல்ட் தரையோட 30 டிகிரி கோணத்துல போச்சுன்னா அமுக்குறது பாதியாயிடும். ஒரு பெல்ட்டுக்கு வெறும் 90. அப்போ மூணு, பத்திரத்துக்கு நாலு. பெட்டிக்கு அடியில வழுக்காத ரப்பர் மேட்டை விரிச்சா உராய்வு 0.6 வரைக்கும் போகும். குறையுறது 100 ஆயிடும், ஒரு பெல்ட்டே 360 கொடுக்கும். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு இருக்கணும்னு அப்பவும் ரெண்டு போடணும். ஒரு ரப்பர் துண்டு இவ்வளவு வேலை செய்யுது, அதை விரிக்கத்தான் யாருக்கும் கை வர மாட்டேங்குது.

பெல்ட்டைப் பயன்படுத்துற விதமும் தாங்கலை. நீளம் போதலைன்னு நடுவுல முடிச்சுப் போடுறாங்க. முடிச்சு விழுந்த இடத்துல பலம் பாதிக்கும் கீழே போயிடும். இரும்பு விளிம்புமேல வெறுமனே ஓட்டுறாங்க. வண்டி ஆட ஆட அந்த விளிம்பு அரம் மாதிரி அறுக்கும். அங்க ஒரு பிளாஸ்டிக் முனைக்காப்பு வைக்கணும், இல்லைன்னா தடிச்ச ரப்பரை மடிச்சாவது வைக்கணும். ராட்செட் உருளையில பெல்ட் குறைஞ்சது ஒன்றரைச் சுத்து சுத்தியிருக்கணும், இல்லைன்னா வழுக்கி வெளியே வந்துடும். மூணு சுத்துக்கு மேல போனா உருளை நிறைஞ்சு முறுக்கவும் வராது, கழட்டவும் வராது. ஓரத்துல வெட்டு விழுந்தது, வெயில்ல வெளுத்து மொரமொரன்னு ஆனது, லேபிள் படிக்க முடியாம அழிஞ்சது எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. நைலான் கயிறு ஈரம் பட்டா நீளும்; காலையில விறைப்பா கட்டினது மழையில தொளதொளன்னு தொங்கும். ரப்பர் கொக்கிக் கயிறு தார்ப்பாயைப் பிடிக்கத்தான், பீரோவைப் பிடிக்க இல்லை.

கட்டிட்டுக் கிளம்பினதும் வேலை முடியலை. கொஞ்ச தூரம் ஓடினதும் குலுக்கல்ல சாமான் அமுங்கி உட்காரும், பெல்ட் தளரும். ஓரமா நிறுத்தி எல்லா ராட்செட்டையும் இன்னொரு பல் முறுக்குங்க. அஞ்சு நிமிஷ வேலை. இதைச் செய்யுற வண்டி எத்தனை?

அட்டைப்பெட்டியை ஏன் செங்கல் மாதிரி மாத்தி மாத்தி அடுக்குறீங்க? அட்டைப்பெட்டியோட பலமே நாலு மூலையிலதான். மூலைமேல மூலை உட்கார்ந்தாத்தான் மேல் எடையைத் தாங்கும். மாத்தி வெச்சா மேல்பெட்டியோட மூலை கீழ்ப்பெட்டியோட நடுவயித்துல இறங்கும், அடியில இருக்கிறது நசுங்கும். அடுக்கு சாயும்னு பயமா இருந்தா மேல் வரிசையை மட்டும் மாத்துங்க, இல்லைன்னா சுத்தி பிளாஸ்டிக் ஃபிலிமை இறுக்கிச் சுத்துங்க. கண்ணாடியும் டிவியும் நிமிர்த்தித்தான் போகணும், படுக்கவே கூடாது. வாஷிங் மெஷின் டிரம்மைப் பின்னால இருந்து பிடிக்கிற போல்ட்டை மாட்டாம ஏத்தாதீங்க. ஃபிரிட்ஜைப் படுக்க வெச்சா கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள்ள ஏறிடும். வேற வழியில்லாம படுக்க வெச்சுட்டா, இறக்கினதும் சில மணி நேரம் நிமிர்த்தி வெச்சிருந்துட்டுத்தான் ஸ்விட்சைப் போடணும்.

சமையல் கேஸ் சிலிண்டரை மூடின வேன்ல உருட்டி விட்டுட்டுப் போறதைப் பார்த்தா நெஞ்சு பதறுது. அந்த வாயு காத்தைவிடக் கனம். கசிஞ்சா தரையிலேயே தேங்கி நிக்கும், மேல் ஜன்னலை மட்டும் திறந்தா போகாது. உள்விளக்கு ஸ்விட்ச்சோட ஒரு பொறி போதும். நிமிர்த்தி, வால்வை மூடி, மூடியைப் போட்டு, தனியாக் கட்டி, தரை மட்டத்துல காத்தோட்டம் இருக்கிற வண்டியில மட்டும் ஏத்துங்க.

போய்ச் சேர்ந்த பிறகும் அதே அவசரம். வழியில சரிஞ்ச லோடு பின்கதவுமேல சாய்ஞ்சு நிக்குங்கிற நினைப்பே இல்லாம, ரெண்டு கதவையும் ஒரே இழுப்புல திறக்குறாங்க. உள்ளே இருக்கிறது நேரா நெஞ்சுல வந்து விழும். ஒரு கதவை மட்டும், பக்கவாட்டுல ஒதுங்கி நின்னு, கையால தாங்கிக்கிட்டே விரல் அளவு திறந்து உள்ளே பாருங்க. அப்புறம், ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறும்போது மீதி லோடோட பின்கதவைத் திறந்துபோட்டுட்டு, சாவியையும் இக்னிஷன்லயே தொங்க விட்டுட்டுப் போறாங்க. திருட வர்றவனுக்குப் பூட்டை உடைக்கிற வேலைகூட இல்லை. ஒவ்வொரு நடைக்கும் கதவைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டுல போடுங்க. ராத்திரி நிறுத்துறதா இருந்தா பின்கதவு திறக்கவே முடியாத அளவுக்குச் சுவரோட ஒட்டி ரிவர்ஸ்ல நிறுத்துங்க, பக்கக் கதவுக்குத் தனிப் பூட்டு போடுங்க.