சர்க்கரை பார்க்கும் மேசையில் பேசுவதற்கும் நேரம் வேண்டும்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஓர் அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். சர்க்கரை நோயையும் மனநோயையும் நாட்டின் முன்னுரிமைகள் என்று அரசு அறிவிக்கும்போது, அந்த முன்னுரிமை கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் மேசை என்பதால் இதை எழுதுகிறேன்.

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது; சர்க்கரை நோய், புற்றுநோய், இதய நோய்களுக்கான தேசியத் திட்டம் 2010-இல் வந்தது; 2021 ஆகஸ்ட் முதல் நம் மாநிலத்தில் மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்தவர்களுக்கு அது வீட்டுக்கே வருவதைப் பார்த்தவள் என்பதால், இத்திட்டங்களை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு திட்டமும் எங்களிடம் ஒரு பதிவேட்டையோ செயலியையோ கொண்டுவந்ததே தவிர, நோயாளியுடன் பேசுவதற்கான நேரத்தைக் கொண்டுவரவில்லை.

சென்ற மாதம் குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பால் வெட்டும் பெரியவர் ஒருவர் வந்தார். 20 யூனிட் இன்சுலினை ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டும் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவில்லை. அளவைக் கூட்டுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வீட்டில் வைத்திருப்பதை எல்லாம் எடுத்து வரச் சொன்னபோது, மருந்துக் குப்பியையும் ஊசியையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். குப்பியில் இருந்தது மில்லிலிட்டருக்கு 40 யூனிட் மருந்து. ஊசியோ மில்லிலிட்டருக்கு 100 யூனிட் மருந்துக்கு உரிய ஆரஞ்சு மூடி ஊசி. 40 யூனிட் மருந்துக்கு உரிய சிவப்பு மூடி ஊசி கிடைக்காத ஒரு நாளில் கடையில் கொடுத்ததை வாங்கியிருக்கிறார். அந்த ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது வெறும் 8 யூனிட். இதைக் கவனிக்காமல் அளவைக் கூட்டியிருந்து, பிறகு அவர் கையில் சரியான ஊசி கிடைத்திருந்தால், விடியுமுன் பாலில்லாத கட்டன்சாயா மட்டும் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகிற மனிதர், ஆளில்லாத ரப்பர் மரங்களுக்கு நடுவே சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்திருப்பார். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. அன்று வரிசையில் அறுபது பேருக்கு மேல் நின்றார்கள்.

இன்னொருவர் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒரு தாய். 2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. அவருடைய நோட்டில் மூன்று முறை தொடர்ந்து ‘மாத்திரை ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று எழுதியிருக்கிறோம். அதில் ஒன்று என் கையெழுத்து. நான்காவது முறை உட்காரவைத்துக் கேட்டபோது, “ராத்திரி கடல் சத்தம் கேட்டா எழும்பி இருந்திருவேன் சிஸ்டரே, சோறு இறங்காது, பிறகு எதுக்கு மாத்திரை?” என்றார். சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு காணப்படுகிறது என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. மனநோய்க்குக் கொடுக்கும் ஒலான்சபின் போன்ற மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகின்றன என்பதும் அப்படியே. ஒரே உடம்பில் சேர்ந்திருக்கும் இந்த இரண்டு நோய்களையும் நாங்கள் இரண்டு அறைகளில், இரண்டு பதிவேடுகளில், வெவ்வேறு கிழமைகளில் பார்க்கிறோம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முறைப்படி பதிவுசெய்த செவிலியரையும் மனநல வல்லுநராக ஏற்கிறது. எங்களில் பலருக்கோ படிக்கும் காலத்தில் மனநலப் பிரிவில் கழித்த சில வாரங்களே இத்துறையில் பெற்ற பயிற்சி. தொகுப்பூதியத்தில் சேரும் இளம் செவிலியர்கள் வேலை பழகியதும் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படிப் போனவர்களின் பெற்றோரும் தனியாக இன்சுலின் போட்டுக்கொண்டு எங்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அந்தக் கடற்கரைத் தாயிடம் எழுதிக் கொடுத்தேன். முகம் தெரியாதவரிடம் பேச அவருக்கு மனம் வரவில்லை. கூட்டம் குறைந்த பிற்பகலில் என்னிடம்தான் வருகிறார். அவரோடு பேசும் அரை மணி நேரத்தை எழுதப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூட இல்லாததால், சர்க்கரை அளவை மட்டும் எழுதிவைக்கிறேன். எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்று மாதந்தோறும் கேட்கிறவர்கள், எத்தனை பேரோடு உட்கார்ந்து பேசினோம் என்றும் கேட்க வேண்டும். தொற்றா நோய் அட்டையில் தூக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றி இரண்டே கேள்விகளைச் சேர்க்க வேண்டும். இரண்டு நோய்களிலும் பயிற்சி பெற்ற நிரந்தரச் செவிலியர் ஒருவரை, வேறு வேலை எதுவும் சுமத்தாமல், இதற்கென்றே ஒவ்வொரு தொற்றா நோய்ப் பிரிவிலும் அமர்த்த வேண்டும்.