ஏற்காட்டுத் தடை உள்ளூர்ப் பயணிகளுக்கும் சேர்த்தே

2021 கோடை விடுமுறையில் கொரோனா பரவலால் ஏற்காட்டுச் சுற்றுலாவுக்கு விதிக்கப்பட்ட தடை வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமே என்றும், சேலத்துக்காரர்கள் சென்றதை விதிமீறல் என்பது வீண்பழி என்றும் இங்கே ஒருவர் எழுதியிருப்பது தவறு. அவ்வாண்டு ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவு, நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய இடங்களுக்கு வெளியூர், உள்ளூர் என்ற வேறுபாடின்றிச் சுற்றுலாப் பயணிகள் எவரும் எந்த நாளிலும் செல்லக் கூடாது என்றே கூறியது. 2020 செப்டம்பரில் மாவட்டங்களுக்கிடையே செல்வதற்கான இ-பாஸ் (இணையவழிப் பயண அனுமதி) நீக்கப்பட்ட பின்பும், இம்மலைகளுக்கு வெளியிலிருந்து வருவோர் மட்டும் அதைப் பெற வேண்டியிருந்தது. அதனோடு இதைக் குழப்பிக்கொண்டார் போலும். ஆகவே, வழக்கமான அடிவாரச் சாலையைத் தவிர்த்துக் குப்பனூர் மாற்றுப்பாதை வழியாக உல்லாசமாக மேலேறிய சேலத்துக்காரரும் விதியை மீறியவரே. ஆனால் மலையிலேயே குடியிருப்போரும் காப்பித் தோட்டத் தொழிலாளர்களும் சுற்றுலாப் பயணிகள் அல்லர். மருந்துக்காகச் சேலம் வந்து திரும்பிய அவர்களையும் சேர்த்து ஏசுவது நியாயமன்று.