ஒரே தரநிலை, ஆளுக்கொரு ரகம்
டிக்கெட் விற்கும் நம் மென்பொருளிலிருந்து விமான நிறுவனங்களோடு நேரடியாக ஏபிஐ இணைப்பு (இரண்டு மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) போடுவது இவ்வளவு வதையாக இருக்கக் கூடாது. எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான் விமான நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐயாட்டா 2012-ல் என்டிசி என்ற டிக்கெட் விற்பனைத் தகவல் பரிமாற்றத் தரநிலையைத் தொடங்கியது. ஆனால் ஒரு நிறுவனம் 17.2 பதிப்பிலேயே நிற்கிறது, இன்னொன்று 21.3 கேட்கிறது. சரி, பதிப்பு ஒன்றாகவே இருந்தாலும், பெட்டிக் கட்டணம் ஒருவரிடம் ஆஃபருக்குள்ளேயே, அதாவது நிறுவனம் அனுப்பும் விலை விவரத்துக்குள்ளேயே வரும், இன்னொருவரிடம் தனிச் சேவையாக வரும். பயணி பாஸ்போர்ட் விவரத்தை நிரப்புவதற்குள் ஆஃபர் காலாவதியாகிவிடும்.

அதைவிடக் கோபம் வருவது, பணம் பிடித்த பிறகு டிக்கெட்டைப் பதியச் சொல்லும் ஆர்டர் கோரிக்கை பதில் வராமல் டைம்அவுட் ஆகும்போதுதான். டிக்கெட் பதிவானதா, இல்லையா? மறுபடி அனுப்பினால் இரட்டைப் பதிவாகலாம். அனுப்பாவிட்டால் இருக்கை போய்விடலாம். நாம் அனுப்பிய கோரிக்கை எண்ணை வைத்தே நிலவரம் கேட்க ஒரு வழி கொடுத்தால் என்ன?